காட்டுப் பொலீட் காளான்: எது, எங்கே, எந்த மரத்தடியில்?

குடைக்கு அடியில் செவுள்களுக்குப் பதிலாகத் துளைகள் கொண்ட பொலீட் வகைக் காளான்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: காட்டுப் பாதையோரம் பழுப்பு நிறக் குடையுடன் ஒரு பெரிய காளானைப் பார்த்தேன். குடைக்கு அடியில் செவுள்கள் இல்லை, பஞ்சு போல இருந்தது. தண்டு பருமன், அதன் மேல்பகுதியில் வலைப் பின்னல் தெரிந்தது. மேலிருந்து எடுத்த படம் ஒன்றை இணைத்திருக்கிறேன். இது என்ன காளான்?

அடியில் பஞ்சு, சதைப்பற்றான நடுத்தண்டு, தரையிலிருந்து முளைத்திருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பதால் அது பொலீட் குடும்பத்துக் காளான்தான். தண்டில் வலை இருக்கிறது என்பதால் வட்டம் இன்னும் சுருங்குகிறது. முதலில் எண்ண வேண்டியவை, உணவுக்குப் பேர்பெற்ற பொலீட்டஸ் எடுலிஸ், அதன் நெருங்கிய உறவினங்கள், அல்லது அவற்றைப் போலவே தோற்றமளிக்கும் கசப்பான டைலோபைலஸ் ஃபெல்லியஸ். இவற்றில் எது என்று உங்கள் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. குடையின் மேற்புறம்தான் ஒரு பொலீட்டில் மிகக் குறைவாகப் பேசும் பகுதி.

ஒரே இனத்தின் குடை, சருகுக்குள் புதைந்திருக்கும்போது வெளிறி இருக்கும். வெயில் பட்டால் கருக்கும். தொடர்மழையில் நிறம் மங்கும். வறண்ட காற்றில் வெடித்து வேறு காளான் போலவே ஆகிவிடும். எனவே குடையின் நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியவை அடிப்புறமும், தண்டும், அறுத்த சதையும்.

துளைகளின் நிறத்தை இளம் காளானிலும் முதிர்ந்த காளானிலும் பார்க்க வேண்டும். எடுலிஸில் துளைகள் முதலில் வெள்ளை. அப்போது அவை நுண்ணிய வெள்ளை இழைகளால் அடைபட்டிருப்பதால் துளை இருப்பதே தெரியாது. பிறகு மஞ்சளாகி, முதிர்ந்ததும் ஆலிவ் பச்சைக்கு மாறும். டைலோபைலஸ் ஃபெல்லியஸில் வெள்ளை மெல்ல இளஞ்சிவப்பாகும். அடுத்து, துளைப்பரப்பை விரலால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். நீலமாகிறதா, பழுப்பாகிறதா, அப்படியே இருக்கிறதா என்பது முக்கியமான தடயம்.

தண்டில் மூன்று விஷயங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. புடைத்த கோடுகள் ஒன்றோடொன்று பின்னி இருந்தால் அது வலை. தனித்தனியாக நிற்கும் சொரசொரப்பான கருஞ்செதில்கள் என்றால் லெக்சினம் பேரினம். மென்மையான பரப்பில் செந்நிறப் புள்ளிகளோ பிசுபிசுப்பான புள்ளிகளோ இருந்தால் அவை வேறு பேரினங்கள். வலை எவ்வளவு தூரம் இறங்குகிறது, அதன் நிறம் தண்டின் நிறத்தைவிட வெளிர்ந்ததா கருத்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பலர் விட்டுவிடுவது தண்டின் அடி. தரை மட்டத்தில் அறுத்து எடுத்தால் அடிப்பகுதி மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். அடியில் ஒட்டியிருக்கும் பூஞ்சை இழையின் நிறம் சில இனங்களுக்குத் தீர்ப்பே சொல்லிவிடும். எடுலிஸில் அது வெள்ளை. காரமான சிறு பொலீட்டான சால்சிபோரஸ் பைப்பெரேட்டஸில் பளிச்சென்ற மஞ்சள். எனவே அடையாளம் காண ஒரே ஒரு காளானை, கத்தியை அடியில் விட்டு நெம்பி முழுமையாக எடுங்கள். குழியைச் சருகால் மூடிவிடுங்கள். மற்றவை அங்கேயே இருக்கட்டும்.

அடுத்த முறை இந்தப் படங்கள் வேண்டும்: குடையின் மேற்புறம், அடிப்புறம், அடிவரை முழுத் தண்டு, நெடுக்காக அறுத்த உடன் ஒன்று, ஐந்து நிமிடம் கழித்து அதே வெட்டுப் பரப்பு ஒன்று, சுற்றி நிற்கும் மரங்களின் பட்டையும் இலையும். ஒவ்வொன்றிலும் அளவுகோல் ஒன்று தெரியட்டும். நிழலில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். வெயிலில் மஞ்சள் துளை வெளுத்துவிடும். ஃபிளாஷில் ஈரக் குடை பளபளத்துப் பிசுபிசுப்பானது போலத் தெரியும்.

கேள்வி: எடுலிஸையும் கசப்புப் பொலீட்டையும் வேறுபடுத்த ஒரே ஒரு அடையாளம் சொல்ல முடியுமா?

ஒன்று மட்டும் என்றால் வலையின் நிறம். எடுலிஸில் வெளிர்ந்த தண்டின் மீது வெள்ளை வலை. ஃபெல்லியஸில் வெளிர்ந்த தண்டின் மீது பழுப்பு வலை. கோடுகள் தடித்து, கண்கள் அகலமாக இருக்கும். இளம் காளானிலும் இது தெரியும் என்பதால்தான் இதைச் சொல்கிறோம். துளைகளின் இளஞ்சிவப்பு வரச் சில நாள் ஆகும். அதுவரை இரண்டுமே வெள்ளைதான்.

ஆனால் ஒரே அடையாளத்தில் நிற்காதீர்கள். எடுலிஸின் சதை வெள்ளை. வெட்டினால் நிறம் மாறாது. குடைத்தோலுக்கு நேர் கீழே மட்டும் மெல்லிய செம்பழுப்புச் சாயல் இருக்கும். அதன் வித்துத்தூள், அதாவது துளைகளிலிருந்து உதிரும் நுண்ணிய வித்துகளின் பொடி, ஆலிவ் பழுப்பு, ஃபெல்லியஸுடையது இளஞ்சிவப்பு. இந்த நான்கும் ஒரே பக்கம் காட்டினால் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஃபெல்லியஸ் நச்சுக்காகப் பேர்போனதல்ல. சமைத்தாலும் போகாத அதன் கசப்புதான் பிரச்சினை. ஒரு துண்டு விழுந்தால் பாத்திரம் முழுக்கக் கசக்கும். நாக்கில் ஒரு துணுக்கை வைத்துத் துப்பிப் பார்க்கும் சோதனையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். சிவந்த துளை கொண்டவற்றிலும், இன்னும் குடும்பமே உறுதியாகாத காளானிலும் அதைச் செய்யக் கூடாது. தவிர, அந்தக் கசப்பை உணராத நாக்குகளும் உண்டு. அப்படிப்பட்டவருக்குச் சோதனை தவறான விடையைத்தான் தரும்.

கேள்வி: ஒரே காட்டில் ஓரிடத்தில் மட்டும் ஆண்டுதோறும் பொலீட் முளைக்கிறது, நூறடி தள்ளிப் போனால் ஒன்றுகூட இல்லை. மண் ஒன்றாகத்தானே இருக்கிறது?

மண் ஒன்றாக இருக்கலாம். மரம் ஒன்றாக இருக்காது. பொலீட்டுகளில் பெரும்பாலானவை வேர்ப்பூஞ்சைகள். மரத்தின் நுனிவேர்களைச் சுற்றி உறை போல வளர்ந்து, வேரின் வெளிச் செல்களுக்கு இடையே பின்னலாக நுழைகின்றன. அந்தப் பின்னலுக்கு ஜெர்மானியத் தாவரவியலாளர் தியோடர் ஹார்ட்டிக்கின் பெயரால் ஹார்ட்டிக் வலை என்று பெயர். இந்தக் கூட்டுறவுக்கு ‘மைக்கோரைசா’ என்ற பெயரை ஆல்பர்ட் பெர்னார்ட் ஃபிராங்க் 1885இல் சூட்டினார். பூஞ்சை, வேர் எட்டாத இடுக்குகளிலிருந்து நீரையும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் கொண்டுவந்து கொடுக்கிறது. மரம் தன் இலையில் தயாரித்த சர்க்கரையைத் தருகிறது. சரியான மரம் இல்லாத இடத்தில் பூஞ்சைக்குச் சோறில்லை. நீங்கள் பார்க்கும் குடை, மண்ணுக்குள் பல ஆண்டுகளாக வாழும் அந்தப் பூஞ்சையின் கனியுறுப்பு மட்டுமே. இழைகள் உயிரோடு இருக்கும்வரை அதே இடத்தில் மறுபடி முளைக்கும்.

எந்த மரம் என்பது இனத்துக்கு இனம் மாறும். சுயில்லஸ் கிரெவில்லி லார்ச் மரத்தைவிட்டு நகராது. சுயில்லஸ் லூட்டியஸ் பைன் மரத்தோடு பிணைந்தது. பைன் இயற்கையில் ஏறக்குறைய இல்லாத தெற்கு அரைக்கோளத்தில் பைன் தோட்டங்கள் போட்டபோது இந்தப் பூஞ்சையும் கூடவே போய்ச் சேர்ந்தது. உகந்த வேர்ப்பூஞ்சை இல்லாத மண்ணில் பைன் நாற்றுகள் தேறாமல் போனதும் அப்போதுதான் தெரியவந்தது. லெக்சினம் ஸ்கேப்ரம் பிர்ச்சுக்கு உரியது. எடுலிஸ் தாராள மனம் கொண்டது: ஸ்ப்ரூஸ், பைன், பீச், ஓக், பிர்ச் எல்லாவற்றோடும் சேரும். வெப்பநாடுகளில் டிப்டரோகார்ப் குடும்பத்து மரங்கள், அதாவது சால் மரமும் அதன் உறவுகளும், பொலீட்டுகளுக்கு முக்கியப் புகலிடம்.

கலப்புக் காட்டில் எந்த மரத்தைக் குறித்துக்கொள்வது என்று கேட்பீர்கள். பக்கத்தில் நிற்பதுதான் துணைமரம் என்று எண்ணிவிடாதீர்கள். வேர்கள் கிளைவிரிவைத் தாண்டிப் பரவுகின்றன. காளானிலிருந்து 15 மீட்டர் சுற்றளவில் உள்ள எல்லா மரங்களையும், சிறிய கன்றுகள் உட்பட, எழுதிக்கொள்ளுங்கள். அதே காளானை இன்னொரு இடத்தில் பார்க்கும்போது இரண்டு பட்டியலிலும் பொதுவாக உள்ள மரம் எது என்று பாருங்கள். மூன்று நான்கு இடங்களில் பட்டியல் எடுத்தால் விடை தானாக வெளிவரும். புல்வெளியில் தனியாக நிற்கும் மரத்தடியில் கிடைத்த காளான் என்றால் அந்தப் பதிவு பொன்னுக்குச் சமம். அங்கே வேறு வேர் இருக்க வாய்ப்பே இல்லை.

மண்ணையும் பாருங்கள். எடுலிஸ், ஃபெல்லியஸ் இரண்டும் நீர் தேங்காத, அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்புபவை. நச்சுள்ள ருப்ரோபொலீட்டஸ் சாத்தானாஸ் சுண்ணாம்பு மண்ணில், ஓக், பீச் மரங்களடியில், வெதுவெதுப்பான இடங்களில் வரும். நல்ல அமில மண்ணில் நின்றுகொண்டு ஒருவர் சாத்தானாஸ் என்று பெயர் சொன்னால் மறுபரிசீலனை செய்யச் சொல்லலாம். மண்ணின் கார அமிலத் தன்மையை அறியத் தோட்டக்காரர்கள் பயன்படுத்தும் எளிய சோதனைத்தாள் போதும். சருகை விலக்கி, 5 சென்டிமீட்டர் ஆழத்து மண்ணை எடுத்துச் சோதியுங்கள். மேலே கிடக்கும் மக்கு மண், கீழே சுண்ணாம்பு இருந்தாலும் அமிலமாகவே காட்டும்.

விதிவிலக்குகளும் உண்டு. புக்வால்டோபொலீட்டஸ் லிக்னிகோலா மரக்கட்டையின் மீதும் கட்டையடியிலும் வளர்கிறது. சூடோபொலீட்டஸ் பாரசிட்டிகஸ், ஸ்கிளிரோடெர்மா என்ற உருண்டைப் பூஞ்சையின் மீதே ஏறி முளைக்கிறது. ஒட்டியிருக்கும் உருண்டையைக் கண்டால் வேறு எந்தச் சோதனையும் வேண்டாம். பொலீட்டினெல்லஸ் மெருலியாய்ட்ஸ் ஆஷ் மரத்தடியில்தான் வரும், ஆனால் அந்த மரத்தின் வேரோடு அதற்குப் பிணைப்பில்லை. வேரை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளோடுதான் அதற்கு உறவு. மண்ணுக்குள் கெட்டியான இழைக் கட்டிகளை உண்டாக்கி அவற்றுக்கு வீடு தருகிறது. மரத்தை மட்டும் பார்த்திருந்தால் இந்த உறவு யாருக்கும் தெரிந்திருக்காது.

கேள்வி: வெட்டியதும் சதை நீலமாகிவிட்டது. நீலமானால் நச்சு என்கிறார்களே?

அப்படி ஒரு விதி கிடையாது. இந்த நம்பிக்கை இரண்டு பக்கமும் ஆளைத் தவறவிடும். நீலமாகும் இமிலேரியா பேடியா பரவலாக உண்ணப்படுகிறது. நீலமே ஆகாத காளான்களில் உயிரைக் குடிக்கும் அமனிட்டாக்கள் இருக்கின்றன.

நடப்பது இதுதான். பொலீட்டுகளின் சதையில் வேரிகேட்டிக் அமிலம், ஜீரோகாமிக் அமிலம் போன்ற மஞ்சள், ஆரஞ்சு நிறமிகள் இருக்கின்றன. வெட்டும்போது செல்கள் உடைந்து, நொதிகளும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் அவற்றைச் சந்திக்கின்றன. நிறமி ஆக்சிஜனேற்றம் அடைந்து நீலச் சேர்மமாக மாறுகிறது. நச்சுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சாத்தானாஸின் நச்சுப் புரதமான பொலீசட்டின் வேறு பொருள். ஜைரோபோரஸ் சயனெசென்ஸில் வெட்டியவுடன் பளீரென நீலம் தருவது ஜைரோசயனின் என்ற இன்னொரு நிறமி.

ஆனால் அடையாளம் காண நீலம் மிக உதவும், அதை ஒழுங்காகக் கவனித்தால். கூர்மையான கத்தியால் குடை நடுவிலிருந்து தண்டின் அடிவரை ஒரே வெட்டாக இரண்டாகப் பிளக்கவும். மழுங்கிய கத்தி சதையை நசுக்கி, எல்லா இடமும் ஒரே நேரத்தில் கறுத்துவிடும். வெட்டிய நொடியிலிருந்து எண்ணுங்கள். மூன்று விநாடிக்குள் கருநீலமா, அரை நிமிடத்தில் வெளிர்நீலமா, ஐந்து நிமிடம் கழித்தும் ஒன்றுமில்லையா? எங்கே தொடங்கியது: குழல்களுக்கு (துளைகளிலிருந்து உள்ளே நீளும் நுண்குழாய்களுக்கு) மேலா, தண்டின் உச்சியிலா, அடியிலா? அரை மணி கழித்து என்ன நிறத்தில் நிற்கிறது?

நியோபொலீட்டஸ் லூரிடிஃபார்மிஸில் மஞ்சள் சதை கண்ணெதிரே கருநீலமாகும். தண்டில் வலை இல்லை, செந்நிறப் புள்ளிகள்தான். சுயில்லெல்லஸ் லூரிடஸும் வேகமாக நீலமாகும். ஆனால் அதன் தண்டில் வலை உண்டு, குழல்களை உரித்தால் சதையின் அடியில் ஒரு சிவப்புக் கோடு தெரியும், வளர்வதும் சுண்ணாம்பு மண்ணில். இமிலேரியா பேடியாவில் துளைகளை அழுத்தினால் நீலப்பச்சைக் கறை. சதை இலேசாகத்தான் மாறும். சாத்தானாஸின் சதை வெளிர்ந்தது, மெதுவாக, மங்கலாகவே நீலமாகும். சுண்ணாம்பு நிறக் குடை, சிவந்த துளைகள், தண்டில் செந்நிற வலை, முதிர்ந்தால் அழுகல் நாற்றம் என்று அதைக் காட்டிக்கொடுக்க வேறு அடையாளங்கள் தாராளமாக உள்ளன.

வறண்ட வானிலையில் காய்ந்த காளானிலும், மிக முதிர்ந்ததிலும் நீலம் வராமலே போகலாம். நீலம் வந்தால் அது சான்று. வரவில்லை என்றால் புதிதாக ஒன்றை வெட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: மரத்தில் அலமாரித் தட்டு போல ஒட்டி வளரும் காளான்களுக்கும் அடியில் துளைதானே? அவையும் பொலீட்டா?

இல்லை, அவை பாலிபோர்கள். கட்டைவிரலைக் குழல்களுக்கும் சதைக்கும் நடுவே செலுத்தித் தள்ளுங்கள். பொலீட்டில் குழல் அடுக்கு பொதுவாகச் சுத்தமாக உரிந்து வரும். பாலிபோரில் உரியாது, கிழியும். பொலீட் மென்மையானது, சில நாளில் அழுகிவிடும். பாலிபோர்களில் பெரும்பாலானவை தோல் போலவோ கட்டை போலவோ கெட்டியானவை.

கேள்வி: பொலீட்டுக்குச் செவுளே இருக்காது என்று உறுதியாகச் சொல்லலாமா?

சொல்ல முடியாது. ஃபில்லோபோரஸ் பேரினம் பொலீட் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் அடியில் தடித்த மஞ்சள் செவுள்கள். அதே வரிசையைச் சேர்ந்த பாக்சில்லஸ் இன்வல்யூட்டஸுக்கும் செவுள்தான். அதன் செவுள்களும் குழல் அடுக்கைப் போலவே சதையிலிருந்து எளிதாக உரிந்துவிடும். உறவைக் காட்டும் அடையாளம் அது. பாக்சில்லஸைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். பல ஆண்டுகள் சாப்பிட்டும் ஒன்றும் ஆகாதவருக்கு ஒருநாள் உடலின் எதிர்ப்பாற்றலே சிவப்பணுக்களை உடைக்கத் தொடங்கும். ஜெர்மானியப் பூஞ்சையியலாளர் யூலியஸ் ஷேஃபர் 1944இல் இதைச் சாப்பிட்டபின் இறந்தார். ‘இவ்வளவு நாள் சாப்பிட்டிருக்கிறோமே’ என்பது இந்தக் காளானில் பாதுகாப்பு அல்ல.

கேள்வி: வித்துத்தூள் படிவு எடுக்க இரண்டு முறை முயன்றேன். தாளில் ஈரக்கறை மட்டும் விழுந்தது. எங்கே தவறு?

பெரும்பாலும் காளானின் வயதில். இளம் காளானில் துளைகள் அடைபட்டிருக்கும், வித்து விழாது. முதிர்ந்ததில் குழல்கள் நீரூறி இருக்கும். உங்கள் தாளில் விழுந்தது அந்த நீர்தான். குடை விரிந்து, துளைகள் திறந்து, அழுத்தினால் நீர் கசியாத காளானைத் தேர்ந்தெடுங்கள்.

தண்டைக் குழல் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வெட்டி, குடையைத் துளைப்பக்கம் கீழாக வைக்கவும். தாளைவிடக் கண்ணாடித் துண்டு நல்லது; ஈரத்தை உறிஞ்சாது, பின்னால் வெள்ளைத் தாளையும் கறுப்புத் தாளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். குடையின் உச்சியில் நனைத்துப் பிழிந்த பஞ்சுத் துணுக்கு ஒன்றை வையுங்கள். கிண்ணத்தால் மூடி 4 முதல் 12 மணி நேரம் விடுங்கள். பெரிய குடை என்றால் ஒரு துண்டு போதும். புழு இருக்கும் பகுதியைத் தவிருங்கள், புழுவின் கழிவு படிவைக் கெடுத்துவிடும்.

படிந்ததைப் பிளேடால் ஒரே குவியலாகக் கூட்டி, பகல் வெளிச்சத்தில் உடனே நிறத்தை எழுதுங்கள். மெல்லிய படலமாகப் பார்த்தால் ஆலிவ் பழுப்பும் மஞ்சள் பழுப்பும் ஒன்றாகவே தெரியும். காய்ந்த பிறகு ஆலிவ் சாயல் குறைந்துவிடும். ஆலிவ் பழுப்பு என்றால் பொலீட்டஸும் அதன் பல உறவுகளும். இளஞ்சிவப்பு என்றால் டைலோபைலஸ் பக்கம். வெளிர் வைக்கோல் மஞ்சள் என்றால் ஜைரோபோரஸ். கறுப்பு நெருங்கிய பழுப்பு என்றால் ஸ்ட்ரோபிலோமைசிஸ்.

நுண்ணோக்கி இருந்தால் தூளில் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். எடுலிஸின் வித்துகள் சுமார் 14–17 மைக்ரான் நீளம், 4.5–5.5 மைக்ரான் அகலம். நூல் நூற்கும் கதிர் போல இருமுனையும் குறுகிய வடிவம், பரப்பு வழவழப்பு. ஸ்ட்ரோபிலோமைசிஸின் வித்துகளோ கிட்டத்தட்ட உருண்டை, மேலே பின்னல். இந்த இரண்டையும் பார்த்தவருக்கு மறுபடி குழப்பம் வராது.

கேள்வி: அம்மோனியா, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டிப் பார்ப்பது பயன் தருமா?

தரும், ஆனால் மற்ற எல்லா அடையாளங்களுக்கும் துணையாக மட்டும். குடைத்தோல், சதை, துளைப்பரப்பு மூன்றிலும் தனித்தனியாக ஒவ்வொரு சொட்டு. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 3 முதல் 5 சதவீதக் கரைசலாக இருந்தால் போதும். தோலையும் கண்ணையும் அரிக்கும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். ஃபெரஸ் சல்பேட் 10 சதவீதக் கரைசல் காற்றுப்பட்டால் பழுப்பாகிச் சோதனைக்கு உதவாமல் போகும். அவ்வப்போது சிறிதளவு கரைத்துக்கொள்ளவும். சொட்டிய முதல் நொடியில் வரும் நிறம், ஒரு நிமிடம் கழித்து நிற்கும் நிறம் இரண்டையும் எழுதுங்கள். சில இனங்களில் முதலில் பச்சை மின்னி மறைந்துவிடும். தாமதமாகப் பார்ப்பவர் பழுப்பு என்றே எழுதுவார். சோதித்த துண்டு குப்பைக்கு.

கேள்வி: பொலீட் மீது வெள்ளையும் மஞ்சளுமாகப் பொடி பூத்திருக்கிறது. இது அதன் இயல்பான தோற்றமா?

இல்லை. ஹைபோமைசிஸ் கிரைசோஸ்பெர்மஸ் என்ற பூஞ்சை அந்தக் காளானைத் தின்றுகொண்டிருக்கிறது. முதலில் வெள்ளையாகத் துளைகளில் தொடங்கும், பிறகு முழுவதும் பொன்மஞ்சள் தூளாகும். அந்நிலையில் உள்ளதை அடையாளம் காணவும் முடியாது, உண்ணவும் கூடாது. வெள்ளை நிலையை எடுலிஸின் அடைபட்ட வெள்ளைத் துளைகள் என்று எண்ணி ஏமாறுவதுண்டு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் பூஞ்சைப் படலம் தண்டிலும் குடையிலும் ஏறியிருக்கும்.

கேள்வி: பழைய நூலில் பொலீட்டஸ் சாத்தானாஸ், புதியதில் ருப்ரோபொலீட்டஸ் சாத்தானாஸ். இரண்டும் வேறா?

ஒன்றுதான். பொலீட்டஸ் என்ற பெயருக்குள் முன்பு துளை கொண்ட பலவும் அடங்கியிருந்தன. டி.என்.ஏ. ஆய்வு வந்தபின் உறவுமுறை சரியாகத் தெரிந்து, பேரினங்கள் பிரிக்கப்பட்டன. சாத்தானாஸ் ருப்ரோபொலீட்டஸுக்கும், பொலீட்டஸ் பேடியஸ் இமிலேரியாவுக்கும் 2014இல் போயின. பெயரின் இரண்டாம் பாதி பெரும்பாலும் மாறாது. அதை வைத்துத் தேடுங்கள். அதே 2014இல், லண்டனில் வாங்கிய ஒரு பொட்டலம் உலர் பொலீட்டுகளின் டி.என்.ஏ.வைப் படித்தபோது அதற்குள் அறிவியலுக்கே புதிய மூன்று இனங்கள் இருந்தது தெரிந்தது. ஒரே பெயரில் விற்கப்பட்டவை அவை.

கேள்வி: கைபேசிச் செயலி 95 சதவீதம் எடுலிஸ் என்கிறது. சமைக்கலாமா?

கூடாது. செயலி உங்கள் படத்தைப் பார்க்கிறது. வெட்டிய சதையை, தண்டின் அடியை, வித்துத்தூளை, மண்ணை அது பார்க்கவில்லை. அந்தச் சதவீதம், தன்னிடமுள்ள படங்களில் எதனோடு ஒத்துப்போகிறது என்பதற்கான எண். சரியாக இருப்பதற்கான வாய்ப்பு அல்ல. எந்தப் பேரினம் என்று தேடத் தொடங்குவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். இந்தப் பகுதியில் வரும் பதில்களையும் அப்படியே கொள்ளுங்கள். எடுலிஸ் என்று எண்ணிச் சேகரித்ததைக் கையில் வைத்து அறுத்துப் பார்த்து, அந்த வட்டாரத்துக் காளான்களை அறிந்த ஒருவர் உறுதி சொன்னால்தான் அது உணவு.

உறுதியான உண்ணும் பொலீட்டுகளையும் பச்சையாகத் தின்னக் கூடாது. லூரிடிஃபார்மிஸ் அரைவேக்காடாக இருந்தாலே வயிற்றைப் புரட்டிவிடும். சுயில்லஸ் இனங்களின் பிசுபிசுப்பான தோலை உரித்துவிட வேண்டும். சாப்பிட்டபின் வாந்தியோ வயிற்றுப்போக்கோ தொடங்கினால் மிச்சமிருக்கும் காளானையும், சமைத்ததில் ஒரு கரண்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இன்னொன்று: இமிலேரியா பேடியா மண்ணிலுள்ள சீசியத்தைத் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. 1986 செர்னோபில் விபத்தின் துகள்கள் விழுந்த காடுகளில் இதைச் சேகரிப்பவர்கள் உள்ளூர்க் கதிரியக்க அறிவுரையைக் கேட்டே ஆக வேண்டும்.

கேள்வி: நிபுணரிடம் காட்டும்வரை காளானைப் பாதுகாப்பது எப்படி? பிளாஸ்டிக் பையில் வைத்தேன், மறுநாள் கூழாகிவிட்டது.

பிளாஸ்டிக் பை ஈரத்தை உள்ளேயே தேக்கிவிடும். பொலீட்டின் குழல்கள்தான் முதலில் அழுகும். ஒவ்வொரு காளானையும் தனித்தனியே காகிதத்தில் சுற்றி, குளிர்பெட்டியில் வையுங்கள். ஒரு நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் உலர்த்துவதே வழி. முதலில் நிறம், மணம், நீலமாற்றம் எல்லாவற்றையும் எழுதி, படம் எடுத்து முடியுங்கள். உலர்ந்தபின் இவை எதுவும் மிஞ்சாது. நெடுக்காக 5 மில்லிமீட்டர் தடிப்பில் அறுத்து, காற்றோட்டமுள்ள உலர்த்தியில் 40 முதல் 45 டிகிரி செல்சியஸில் வையுங்கள். ஒடித்தால் படக்கென முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அடுப்பில் அதிகச் சூட்டில் வாட்டினால் டி.என்.ஏ. சிதைந்து, பின்னாளில் ஆய்வுக்கு உதவாது.

உலர்ந்ததை சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப் புகாத பையில் இட்டு, ஒரு வாரம் உறைநிலைப் பெட்டியில் வைத்தெடுங்கள். உள்ளே தங்கிய பூச்சி முட்டைகள் சாகும். பைக்குள் பென்சிலில் எழுதிய சீட்டு ஒன்று: தேதி, இடம், மண், சுற்றியிருந்த மரங்கள், வெட்டியபோது என்ன நிறம் எத்தனை விநாடியில் வந்தது, வித்துத்தூள் நிறம். பேனா மை ஈரத்தில் பரவிவிடும், பென்சில் பரவாது.